உள்தொலி

சிலுவைமுத்து சித்தப்பாவின் போனுக்குப் பூட்டு கிடையாது. திரையை ஒரு தடவு தடவினால் திறந்துவிடும், ஆளும் அப்படித்தான். ஸ்டெனி தன் அறைக் கதவைச் சாத்திவிட்டு, கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, குடும்பக் குழுவைப் பின்னோக்கித் தள்ளிக்கொண்டே போனான். நேற்று மதியம் முதல் வந்த மெழுகுவர்த்திகள், கைகூப்பிய பொம்மைகள், யாரோ தவறுதலாகப் போட்ட பிறந்தநாள் கேக், அதற்கு மன்னிப்பு. அதற்கும் பின்னால் ஈஸ்டர் வாழ்த்துகள். அதற்கும் பின்னால் மார்ச் மாதம்.

மார்ச் பதினெட்டில் அவனுடைய அண்ணன் பெனின் கையில் சாயா டம்ளரோடு பின்வாசலில் நின்றிருந்தான்.

ஸ்டெனி அந்த வீடியோவை அழுத்திப் பிடித்து அழித்தான். பிறகு கேலரிக்குள் போய்த் தேடினான். சித்தப்பா அதை மூன்று பிரதிகளாக வைத்திருந்தார். ரொம்பப் பிடித்திருக்க வேண்டும். மூன்றையும் அழித்தான்.

கூடத்தில் ஃப்ரீசர் பெட்டிக்குள் பெனின் கிடந்தான். முப்பத்தாறு வயது. கடலுக்குப் போகும் வள்ளங்களின் எஞ்சின்களைப் பழுது பார்ப்பது தொழில். காலையில் ஆறு மணிக்குப் போன கரண்ட் இன்னும் வரவில்லை. வாசலில் வாடகை ஜெனரேட்டர் ஒன்று இருமி இருமி அந்தப் பெட்டியை மட்டும் குளிர வைத்துக்கொண்டிருந்தது. உயிரோடு இருந்திருந்தால் பெனின் அந்தச் சத்தத்தைப் பொறுத்திருக்க மாட்டான். எழுந்துபோய் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றித் துடைத்து மாட்டிவிட்டு வந்து படுத்திருப்பான்.

"சார்ஜ் ஏறிச்சால?" என்று சித்தப்பா போனை வாங்கிக்கொண்டார்.

"ஏறிச்சு சித்தப்பா."

"சத்தத்தக் கொறச்சு வச்சிராத கேட்டியா. எனக்கு ஒண்ணும் கேக்காது." நாற்பது வருஷம் எஞ்சினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கடலுக்குப் போனவர். அவர் போன் எப்போதும் முழுச் சத்தத்தில்தான் இருக்கும். மாதா பாடல் ஒன்று அழைப்பு மணி. காலையிலிருந்து துக்கம் கேட்டு வந்த அழைப்புகளுக்கெல்லாம் அது மகிழ்ச்சியாகப் பாடிக்கொண்டிருந்தது.

"நல்ல பிள்ள," என்று சித்தப்பா பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். "காலத்த இருந்து ஒரு எடத்துல இருக்கல. எல்லாரு போனையும் வாங்கி சார்ஜ் போட்டுத் தாறான். அண்ணன் போன வெசனத்த அப்பிடித் தீக்கான்."

இது பன்னிரண்டாவது போன். குழுவில் நாற்பத்தொரு பேர். வந்தவர்களில் இன்னும் ஒன்பது பேர் பாக்கி. தம்மாமிலும் சார்ஜாவிலும் இருப்பவர்களை ஒன்றும் செய்ய முடியாது. மாமா மகன் சஜின் ஆழ்கடலில் இருந்தான். ரேஞ்ச் இல்லாததால் அவன் மட்டும் இன்னும் பெனின் உயிரோடு இருக்கும் உலகத்தில் மீன் பிடித்துக்கொண்டிருந்தான். எல்லோரிடமிருந்தும் ஒரேயடியாக அழிக்கும் வசதி இரண்டு நாளில் காலாவதியாகிவிடும் என்பது ஸ்டெனிக்கு நேற்றுதான் தெரிந்தது. நாகர்கோவிலில் எம்.ஏ. படிக்கிறான், கல்லூரியைக் கிண்டல் செய்ய இணையத்தில் ஒரு பக்கம் நடத்துகிறான், நாலாயிரம் பேர் பார்க்கிறார்கள். எதையும் அழிக்க வேண்டிய தேவை அவனுக்கு இதுவரை வந்ததில்லை.

"மாமா, போன்ல சார்ஜ் இருக்கா? தாங்க, போட்டுத் தாறேன்."

மரண வீட்டில் உதவி செய்கிறவனை யாரும் கேள்வி கேட்பதில்லை.

அந்த வீடியோ இருபத்திரண்டு நொடி.

அது தவக்காலத்தின் இரண்டாம் வாரம். அது தொடங்கும் சாம்பல் புதனன்று ஊரில் குடிக்கிற ஆண்கள், ஈஸ்டர் வரை தொடமாட்டோம் என்று கோயிலில் வாக்குக் கொடுப்பார்கள். கொடுத்தவர்களின் பெயர்களை, சாமியாருக்கு உதவியாக இருக்கும் உபதேசியார் செல்வதாஸ் கோயில் வராந்தாவில் இருக்கும் கரும்பலகையில் சாக்பீஸால் எழுதி வைப்பார். வாக்குத் தவறினவன் பெயரை ஈரத்துணியால் அழிப்பார். ஈஸ்டருக்கு முந்தின குருத்தோலை ஞாயிறுக்குள் பலகை பெரும்பாலும் சுத்தமாகிவிடும். ஒன்பது வருஷமாக அழியாத பெயர் ஒன்று உண்டென்றால் அது பெனின். மற்ற மாதங்களில் அவன் குடித்ததுண்டு. தவசில் ஒரு சொட்டு கிடையாது. அதில் அவனுக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

அன்று காலை ஏழு பத்துக்கு அவன் பின்வாசலில் நின்று, சாயா ஆறிப்போச்சு என்று சொல்ல முயன்றான். வார்த்தைகள் வாய்க்குள் மணல் அள்ளிப் போட்டதுபோல் வந்தன. ஸ்டெனி போனை எடுத்தான்.

"தவக்காலத்தில் எங்கள் அண்ணன். நேரம் காலை ஏழு பத்து. அண்ணே, மக்களுக்கு ஏதாவது சொல்லுங்க."

பெனின் சொல்லப் பார்த்தான். வலது கையிலிருந்து டம்ளர் நழுவி விழுந்து உடைந்தது. அவன் டம்ளரைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தான். அது யாருடைய கை என்று யோசிப்பவன்போல. அதற்குத்தான் ஸ்டெனி சிரித்தான். கடைசியில் பெனினும் தம்பியைப் பார்த்துச் சிரித்தான், முகத்தின் இடது பாதியால் மட்டும்.

முகத்துக்கும் போனுக்கும் ஒரு முழம் தூரம். அந்தத் தூரத்தில் மூச்சு வரும். வந்த மூச்சில் பற்பசை வாடையும் லேசாக மண்ணெண்ணெய் வாடையும் இருந்தன. வாடை விஷயத்தில் ஸ்டெனிக்கு ஹாஸ்டலில் போதுமான பயிற்சி கிடைத்திருந்தது. அண்ணன் குடிக்கவில்லை என்று அவனுக்குத் தெரியும். ஆனால் வீடியோ நன்றாக வந்திருந்தது.

இருபது நிமிஷத்தில் பெனினுக்கு எல்லாம் சரியாகிவிட்டது. பல் தேய்த்ததில் கை கொஞ்சம் மரத்துப்போச்சு போல என்று சொல்லிவிட்டு, கையை உதறிக்கொண்டு ஷெட்டுக்குப் போனான். அதற்குள் குழுவில் முப்பத்தொரு சிரிப்புப் பொம்மைகள் விழுந்திருந்தன. தம்மாமிலிருந்து பெரியப்பா, 'ஏசுவே, காலத்த ஏழு மணிக்கேயா' என்று எழுதினார். மதியத்துக்குள் யாரோ உபதேசியாருக்கும் அனுப்பிவிட்டார்கள். மறுநாள் பலகையில் பெனினின் பெயர் இருந்த ஏழாவது இடம் ஈரமானது. பெனினின் மனைவி லிஜா பதினொரு நாள் அவனோடு பேசவில்லை. சோறு போட்டாள், பேசவில்லை.

பெனின் முதல் நாள் மட்டும் தர்க்கம் செய்தான். நாற்பது பேர் பார்த்ததைத் தனியொருவன் மறுப்பது லேசல்ல. இரண்டாம் நாள் அவனுக்கே சந்தேகம் வந்தது. சனிக்கிழமை பங்குச்சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனான். போனதை ஷெட்டில் அவனே சொன்னான்.

"என்ன பாவம்னு கேட்டாரு. குடிச்சிட்டேன் சாமின்னேன். என்ன குடிச்சான்னாரு. அதுதான் சாமி, ஓர்மையில்லன்னேன். அப்ப பெருசாத்தான் குடிச்சிருக்கான்னு ஏழு நாளு ஜெபமாலை தந்தாரு."

ஷெட்டில் எல்லோரும் சிரித்தார்கள். ஸ்டெனியும் சிரித்தான். மூளைக்குப் போன முதல் ரத்தக் கட்டிக்கு அந்த ஊரில் கொடுக்கப்பட்ட சிகிச்சை அதுதான்: தினம் ஒரு ஜெபமாலை, ஏழு நாளைக்கு, இரவு உணவுக்குப் பின்.

பதினோரு மணிக்கு உபதேசியார் செல்வதாஸ் ஒரு தாளோடு வந்தார். பெட்டிக்கு முன் நின்று சிலுவை போட்டுக்கொண்டு, ஸ்டெனியைக் கையைப் பிடித்து ஓரமாகக் கூட்டிப்போனார்.

"மக்கா, பூசையில வாசிக்கியதுக்கு அண்ணனப் பத்தி நாலு வரி எழுதியிருக்கேன். நீ படிச்ச பையன். ஒருக்கப் பாரு."

பெனின் பிறந்த வருஷம், திருமணம், ஒரே மகள் அபினா, எஞ்சின் தொழில், அன்பிய ஜெபக் கூட்டங்களுக்குத் தவறாமல் வந்தது. அதன் கீழே ஒரு வரி: 'ஒருமுறை வாக்குத் தவறி விழுந்தாலும் மனந்திரும்பி, பாவசங்கீர்த்தனம் செய்து, நமக்கெல்லாம் முன்மாதிரியாக எழுந்து நின்றவர்.'

"இந்த வரி..." என்றான் ஸ்டெனி.

"நல்லா இருக்குல்லா? ராத்திரி முழுக்க ஓடல. காலத்த கெடச்சுது." செல்வதாஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நல்ல மனிதர். பலகையை அழித்த அதே ஈரத்துணி மனதோடுதான் இதையும் எழுதியிருந்தார். "அவன் குடிச்சான்னு நான் பேர அழிக்கும்ப எனக்க முன்னதான் நின்னான். 'அழிச்சிரும் ஓய், குத்தமில்ல'ன்னான். அப்பிடி ஒரு பையன்."

ஸ்டெனி தாளைப் பார்த்துக்கொண்டே நின்றான். சொல்ல வேண்டியது ஒரு வாக்கியம். அவனுக்கு அது தெரியும். சட்டைப்பையில் அடுத்த போன் கிடந்தது, அத்தையுடையது.

அந்த வரியில் ஒரு காற்புள்ளியைச் சேர்த்துத் தாளைத் திருப்பிக் கொடுத்தான்.

மே மாதம் முதல் வாரத்தில் ஷெட்டில் பெனினின் கையிலிருந்து ஸ்பேனர் விழுந்தது. அடுத்து அவன் விழுந்தான். வாய் கோணிவிட்டது, பேச்சில்லை. இந்தத் தடவை இருபது நிமிஷத்தில் சரியாகவில்லை. நாகர்கோவிலில் பார்த்துவிட்டுத் திருவனந்தபுரத்துக்கு ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். அங்கே தொடையின் ரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழாயை மூளை வரை ஏற்றி, அடைத்திருந்த கட்டியை இழுத்து எடுத்தார்கள். மூன்றாம் நாள் பெனின் எழுந்து நடந்தான். நான்காம் நாள் இட்லிக்குச் சட்னி போதாது என்று சொன்னான். வலது கை விரல்கள் மட்டும் கொஞ்சம் மந்தமாக இருந்தன.

டாக்டரம்மா வீட்டாரைக் கூப்பிட்டுக் கம்ப்யூட்டரில் படத்தைக் காட்டினாள். அம்மா வியாகுலம்மாள், லிஜா, ஸ்டெனி மூன்று பேரும் நின்றார்கள்.

"இது கழுத்து வழியா மூளைக்குப் போற ரத்தக்குழாய். இடது பக்கம். இங்க பாருங்க, உள்சுவர்ல ஒரு சின்னத் தொலி, தோல் மாதிரி, நீட்டிட்டு நிக்கிது. இதுக்குப் பின்னால ரத்தம் தேங்கும். தேங்கிக் கட்டியாகும். கட்டி ஒருநாள் விட்டுப் போகும், நேரா மேல. சுகர் வேண்டாம், பிரஷர் வேண்டாம், சிகரெட்டும் குடியும் வேண்டாம். முப்பது நாப்பது வயசுலயே வரும்."

லிஜா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முந்தி எப்பவாவது இது போல வந்திருக்கோ? வாய் கோணி, பேச்சு குழறி, கை தளர்ந்து... பத்து நிமிஷமோ அரை மணிக்கூரோ இருந்துட்டு தானே மாறிப்போனது?"

டாக்டரம்மா ஸ்டெனியைப் பார்த்துத்தான் கேட்டாள். படித்தவன் மாதிரி இருந்ததால் இருக்கலாம். அம்மாவுக்கும் லிஜாவுக்கும் மார்ச் பதினெட்டு என்பது குடி. குடி நோயில் சேராது. அவர்கள் யோசிக்கவே இல்லை. யோசித்தது ஸ்டெனி ஒருவன்தான். ஆமாம் என்றால் அடுத்த கேள்வி, அப்போது என்ன செய்தீர்கள் என்று வரும். அதற்கு ஒரே பதில்தான் இருந்தது, அதுவும் அவன் சட்டைப்பையில், சிரிப்புச் சத்தத்தோடு. அம்மா பக்கத்தில் நின்றாள்.

"இல்ல," என்றான் ஸ்டெனி.

டாக்டரம்மா எழுதிக்கொண்டாள். "முதல் தடவைன்னா சரி. இப்போ மூளைல காயம் இருக்கு, அது ஆறட்டும். ஆறு வாரம் மாத்திரை. பின்ன அந்த இடத்துல ஸ்டென்ட் வைக்கலாம். இது ரெண்டாவது தடவையா இருந்தா நான் வீட்டுக்கே விடமாட்டேன். இந்த வாரமே வச்சிருப்பேன்."

ஸ்டெனி வாயைத் திறந்தான்.

"மாதா காத்தா," என்றாள் அம்மா. "முத தடவையிலயே பிடிச்சாச்சு."

அவன் வாயை மூடிக்கொண்டான். திரும்பி வரும்போது காரில் அம்மா அந்த வாக்கியத்தை நான்கு முறை சொன்னாள்.

பெனினுக்குத் தன் நோய் ரொம்பப் பிடித்துப்போயிற்று. பன்னிரண்டாம் நாள் ஷெட்டுக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு, தான் வெட்டி எறிந்த பழைய எண்ணெய்க் குழாய் ஒன்றை நெடுக்காகப் பிளந்து வைத்து, வருகிறவர்களுக்கெல்லாம் பாடம் எடுத்தான்.

"இந்தா பாரும் சித்தப்பா. வெளிய புதுப் பைப்பு. உப்பும் வெயிலும் ஒண்ணும் செய்யல. உள்ள பாரும், தொலி எளகி நாக்கு மாதிரி நீட்டிட்டு நிக்கு. இதுக்குப் பொறத்த அழுக்கு சேரும். சேர்ந்து ஒருநா புடுங்கிட்டுப் போயி எஞ்சின அடைக்கும். நடுக்கடல்ல நிப்பீரு. எஞ்சினக் கழத்தி கழத்தி மாட்டுவீரு. எஞ்சின்ல ஒரு கேடும் கெடையாது."

"அப்ப பைப்ப மாத்தணும்," என்றார் சித்தப்பா.

"எனக்க கழுத்த மாத்தவா? ரெண்டு வழிதான் உண்டு. அந்த எடத்தக் கீறி, தொலியச் செத்திச் சீவி எடுத்துட்டுத் தைக்கணும். இல்லன்னா உள்ள ஒரு கம்பிவலக் குழாயத் தள்ளி, தொலியச் சுவரோட சேத்து அமுக்கி வைக்கணும். டாக்டரம்மாவும் இது ரெண்டுதான் சொல்லுகா. இதுக்கு அவ பன்னிரண்டு வருஷம் படிச்சிருக்கா பாத்துக்கிடும்."

சித்தப்பா சிரித்துக்கொண்டே போன பிறகு, பெனின் அந்தக் குழாய்த் துண்டை இடது கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"ஏலே ஸ்டெனி."

"என்னண்ணே?"

"தவசுல வந்ததும் இதுதானேல?"

ஸ்டெனி கீழே கிடந்த ஸ்பேனரை எடுத்துப் பெட்டிக்குள் வைத்தான்.

"இதுதான். கை எனக்குள்ளதே இல்லாத மாதிரி இருந்துது. ரெண்டு தடவையும் ஒரே மாதிரி." அவன் முகம் தெளிந்திருந்தது. பழுது எங்கே என்று கண்டுபிடித்துவிட்ட எஞ்சினின் முன்னால் உட்கார்ந்திருக்கும்போது வருமே, அந்த முகம். "டாக்டர்ட்ட சொன்னியா?"

"சொன்னேண்ணே."

"என்ன சொன்னா?"

"கொழப்பமில்லன்னு சொன்னாங்க. ஆறு வாரம்."

"அப்ப சரி." குழாய்த் துண்டைக் கீழே வைத்துவிட்டு, "லிஜாட்ட நீ சொல்லு. அண்ணைக்கு நான் குடிக்கலன்னு. நான் சொன்னா அவ நம்பமாட்டா. ஒனக்க வீடியோவக் காட்டியே சொல்லு. முகத்தப் பாத்தா தெரியும்."

"சொல்லுதேன்."

"செல்வதாசுட்டயும் சொல்லணும். எனக்க பேர அழிச்சாரு ஓய், ஏழு ஜெபமாலை வட்டியோட திரும்ப எழுதும்னு."

அதற்குப் பிறகு ஏழு நாள் இருந்தது. டாக்டரம்மாவின் நம்பர் ஸ்டெனியின் போனில் இருந்தது. அவன் அதை இரண்டு முறை எடுத்துப் பார்த்தான். ஒரு முறை, மணி அடிக்கும்வரை கூடக் காத்திருந்தான். எடுப்பதற்குள் வைத்துவிட்டான். இன்னும் நான்கு வாரம்தானே, ஸ்டென்ட் வைத்தபின் சொன்னால் அது ஒரு வேடிக்கைக் கதையாகிவிடும் என்று நினைத்தான். கதைகளை எப்போது சொன்னால் எடுபடும் என்பது அவனுக்குத் தெரியும் என்று அவனுக்கு ஒரு எண்ணம் இருந்தது.

பத்தொன்பதாம் நாள் காலையில் பெனின் பல் தேய்த்துக்கொண்டே சரிந்தான். இந்தக் கட்டி பெரியது. குழாயை ஏற்றியும் பாதித்த பக்கத்து மூளை வீங்கிவிட்டது. நேற்று மதியம் டாக்டரம்மா வெளியே வந்து, ஆறு வாரம் காத்திருக்கச் சொன்னது தன் தவறோ என்று தெரியவில்லை என்று அவர்களிடமே சொன்னாள். அவள் கண்ணைத் துடைத்ததை ஸ்டெனி பார்த்தான். அப்போதும் நின்றுகொண்டுதான் இருந்தான்.

நான்கு மணிக்குப் பூசை. செல்வதாஸ் தாளை வாசித்தார். 'ஒருமுறை வாக்குத் தவறி விழுந்தாலும்' என்ற இடத்தில் காற்புள்ளிக்கு மரியாதை கொடுத்து நிறுத்தி மூச்சு வாங்கினார். அந்த இடைவெளியில் கோயிலில் பலர் தலையாட்டினார்கள். பெண்கள் பக்கம் லிஜா நிமிர்ந்து கரும்பலகை இருக்கும் வராந்தாப் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். ஈஸ்டர் முடிந்து பலகையில் இப்போது ஐஸ் கட்டி ஏல அறிவிப்பு எழுதியிருந்தது.

கல்லறைத் தோட்டம் கடலுக்குப் பக்கத்தில். மண் என்று சொல்வதே தவிர, வெறும் மணல். குழிக்குள் ஒரு பிடி போடும்போது பாதி காற்றோடு போய்விட்டது. சித்தப்பா குழியின் ஓரத்தில் உட்கார்ந்து, 'எனக்க எஞ்சின இனி ஆருட்ட கொண்டுபோவேன்' என்று கத்தி அழுதார். அவர் பையிலிருந்து மாதா பாடல் முழுச் சத்தத்தில் ஒலித்தது. யாரும் அதை நிறுத்தச் சொல்லவில்லை. இந்த நேரத்துக்கு அது பொருத்தமான பாடல் என்று சிலர் கூடவே முணுமுணுத்தார்கள்.

வீடு திரும்பும்போது ஐந்தரை. ஜெனரேட்டர்காரன் பெட்டியோடு போய்விட்டிருந்தான். பந்தலில் உறவுக்காரர்கள் கஞ்சிக்கும் கட்டன்சாயாவுக்கும் உட்கார்ந்தார்கள். ஸ்டெனி இருபது போன்களை முடித்திருந்தான். ஒன்று பாக்கி. லிஜாவின் போன் அடுக்களை மேடையில், தேங்காய்த் துருவிக்குப் பக்கத்தில் கிடந்தது. திரையில் இழுத்து அதைத் திறக்கும் கோடு அவனுக்குத் தெரியும். அபினாவுக்கு அடிக்கடி அதில் விளையாட்டு ஏற்றிக் கொடுத்தவன் அவன்தான்.

மார்ச் பதினெட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது தலைக்கு மேல் குழல்விளக்கு இரண்டு தடவை கண்சிமிட்டி எரிந்தது.

"இப்பத்தான் கரண்ட் வருது," என்றாள் லிஜா.

அவள் கதவருகில் நின்றிருந்தாள். தலையில் போட்ட கறுப்புத் துணியை இன்னும் எடுக்கவில்லை.

"காலத்த ஆறு மணிக்குப் போனது. ஜெனரேட்டர்ல பெட்டி மட்டும்தான் மாட்டியிருந்துது. நீ எல்லாரு போனையும் எங்க வச்சு சார்ஜ் போட்டா ஸ்டெனி?"

வெளியே யாரோ இன்னும் கொஞ்சம் பயறு கேட்டார்கள்.

"எனக்குள்ளதுதான் கடைசியா?"

"ஆமா மைனி."

"அழிச்சிட்டியா?"

"இல்ல."

"போடு. பாக்கட்டு."

அவன் போட்டான். அவள் பக்கத்தில் வந்து நின்றாள். தவக்காலத்தில் எங்கள் அண்ணன். மக்களுக்கு ஏதாவது சொல்லுங்க. டம்ளர். சிரிப்பு. இருபத்திரண்டு நொடி.

"முகத்தப் பாருங்க மைனி," என்றான் ஸ்டெனி. குரல் அவனுடையதாக இல்லை. "வலது பக்கம். அண்ணன் குடிக்கல. அது முத அட்டாக்கு. ஒங்ககிட்ட சொல்லச் சொன்னான்."

"எப்ப சொல்லச் சொன்னாரு?"

"போன வாரம்."

லிஜா அவனிடமிருந்து போனை வாங்கி, இன்னொரு தடவை போட்டாள். இந்தத் தடவை சத்தமில்லாமல்.

"நான் அண்ணைக்கு ஊதச் சொன்னேன்," என்றாள். "ஊதுனாரு. ஒரு மணமும் இல்ல. ஏலக்கா தின்னுட்டு வந்து ஏமாத்துகாருன்னு நெனச்சேன். பதினோரு நாளு." திரையில் பெனின் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். "ஒனக்கு மணம் வந்துதா?"

"இல்ல."

"அப்பவே தெரியுமா?"

"தெரியும்."

அவள் நிமிர்ந்தாள். அடுத்த கேள்வி என்ன என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. டாக்டரம்மாவும் அண்ணனும் ஏற்கெனவே அவனிடம் கேட்டதுதான்.

"டாக்டரம்மா கேட்டாங்கல்லா, முந்தி வந்திருக்கான்னு. அப்ப நான் படத்தப் பாத்துட்டு நின்னேன். நீ என்ன சொன்னா?"

"இல்லன்னு சொன்னேன்."

"பொறவு? இவரு சொல்லச் சொன்ன பொறவு? டாக்டர்ட்ட சொன்னியா?"

"இல்ல மைனி."

அடுக்களைக் குழாயில் நாள் முழுக்க வராத தண்ணீர், மோட்டார் ஓடியதால் சொட்டத் தொடங்கியிருந்தது. அவள் போய் அதை மூடினாள். அடிப்பாள் என்று ஸ்டெனி எதிர்பார்த்தான். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் மேடையில் சாய்ந்து நின்றுகொண்டு, இரண்டு கைக் கட்டைவிரல்களாலும் மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி எதையோ தட்டினாள். முடித்ததும் போனைத் துருவிக்குப் பக்கத்தில், முன்பு இருந்த இடத்திலேயே குப்புற வைத்துவிட்டு, அபினாவைப் பக்கத்து வீட்டிலிருந்து கூட்டி வரப் பின்வாசல் வழியாகப் போனாள். டம்ளர் உடைந்த இடத்தைத் தாண்டித்தான் போனாள்.

ஸ்டெனியின் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தான். குடும்பக் குழு. அதே வீடியோ. அதன் கீழே: 'அவரு குடிக்கல்ல. முகத்த பாருங்க.'

அவன் கூடத்துக்கு வந்து வாசல்நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். பந்தலில் போன்கள் ஒவ்வொன்றாக ஒலித்தன. கஞ்சிக் கையைத் துடைத்துவிட்டுக் கண்ணாடியைத் தேடினார்கள். முதலில் திறந்தது சிலுவைமுத்து சித்தப்பா. முழுச் சத்தம். 'தவக்காலத்தில் எங்கள் அண்ணன்' என்றது போன். அது முடிவதற்குள் பக்கத்து நாற்காலியில் இன்னொன்று தொடங்கியது. பிறகு பந்தலின் அந்த ஓரத்தில் ஒன்று. பெனின் பேச முயன்றான். இரண்டு நொடி தள்ளி மறுபடி முயன்றான். இன்னும் தள்ளி இன்னொரு தடவை. டம்ளர்கள் உடைந்தன. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஸ்டெனி சிரித்தான், இங்கே, அங்கே, செல்வதாஸ் உட்கார்ந்திருந்த வரிசையில், தண்ணீர் டிரம்முக்குப் பக்கத்தில். நேரில் ஒருவரும் சிரிக்கவில்லை.

கூடத்தில் பெட்டி இருந்த இடத்தில் பாயில் சுருண்டு கிடந்த வியாகுலம்மாளுக்குப் போன் கிடையாது. பெரிய மகனின் குரல் கேட்டதும் அவள் தலையைத் தூக்கி, வாசலைப் பார்த்தாள்.

வாசலில் ஸ்டெனி நின்றிருந்தான்.